அச்சும் நூலும்

உலகில் உருண்டோடுவன யாவற்றிற்கும் அச்சு ஒன்று உண்டு. ஓட்டம் கண்ணுக்குத் தெரியும். அச்சோ அடியில் மறைந்து கிடக்கும். ஆதலின் ஓட்டத்தில் ஒரு குறை நேர்ந்தவிடத்து, இழுக்கின்ற மாட்டையோ செலுத்துகின்ற மனிதனையோ நோவது நம்மனோர்க்கு வழக்கமாயிற்று. இவ்வழக்கத்தால் எம் குடும்பத்தில் ஒருமுறை பெருந்தவறு நேர்ந்தது. மற்றொருமுறை அத்தகைய தவறு நேராவண்ணம் தடுக்கும் பேறு எமக்கு வாய்த்தது. முன்னது ஒரு பந்தய மாட்டுவண்டியின் வரலாறு; பின்னது ஒரு சிறு பந்தயக் காரின் வரலாறு. இரண்டையும் இணைப்பது சில முழ நூலேயாம். கல்லூரி மலரில் அறிஞர் பலர் அரும்பொருள்களை ஆராய்ந்திருப்ப, பழைய மாணவராகிய யாம் அச்சையும் சக்கரத்தையும் குறித்து எழுதப் புகுந்ததை அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

எம் ஊர் பேராவூரணி. தஞ்சை மாவட்டத்தின் தெற்குக் கோடியில், திருவாரூரினின்றும் காரைக்குடிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது. காவிரியின் பழைய கிளைகள் எம் பக்கத்தை எட்டவில்லை. 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை எழுந்த காலத்தே வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாயின் கடைமடையே எமக்கு வாய்த்தது. தலைமடைக்கு நீர் வந்து பல நாட் கழித்தே எம் வயல் நனையும். ஒரு புறம் நெல்லும், மறுபுறம் கடற்கரை வரை தென்னந்தோப்புமாக விரிந்த அவ்வூரில், நீலகண்டப் பிள்ளையார் கோயிலின் சித்திரைத் திருவிழாவுக்கு அடுத்தபடியாக ஊரார் நெஞ்சைக் கவர்வது மாட்டுவண்டி எல்லைப் பந்தயமேயாம்.

அப்பந்தயத்தைக் கண்டறியாத அன்பர்களுக்குச் சிறிது கூறுவாம். நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் வண்டிகளை நிறுத்தி விடுவர். சில மைல் தொலைவில் உள்ள எல்லையைத் தொட்டு, வண்டிகள் புறப்பட்ட இடத்திற்கே மீளல் வேண்டும். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு எனக் காளைகளின் பருவத்திற்கும் உயரத்திற்கும் ஏற்பப் பிரிவுகள் உள. வண்டியில் சாரதி ஒருவரும் துணைச்சாரதி ஒருவரும் செல்வர். எல்லையில் முந்தியவர்க்குக் கொடிப்பரிசும், மீட்சியில் முந்தியவர்க்கு முதற்பரிசும் கிட்டும். 2014-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டுக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்திற்கும் காளைகளைப் பயன்படுத்தலாகாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் மாநிலங்கள் இயற்றிய திருத்தச் சட்டங்கள் செல்லுமென 2023-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் அமர்ந்த ஆயம் முடிவு கூறிற்று. விலங்கின் துன்பம் குறித்து எழுந்த அவ்வழக்கை யாம் ஈண்டு ஆராயப் புகவில்லை. ஆயினும் எம் வரலாறும் ஒரு விலங்கின் துன்பத்திலேயே தொடங்குகின்றது.

எமக்கு அப்பொழுது பன்னிரண்டு பிராயம் இருக்கும். எம் தந்தையார் நடுமாட்டுப் பிரிவில் ஒரு சோடி வைத்திருந்தார். வலப்புறம் பூட்டுவது செவலை. இடப்புறம் பூட்டுவது மயிலை. இரண்டும் ஒரே சந்தையில் வாங்கியவை. ஒரே தொட்டியில் பருத்திக்கொட்டையும் உளுந்தம் பொட்டும் தின்று வளர்ந்தவை. மயிலை எம்மிடம் பெரிதும் பழகியிருந்தது. பள்ளியினின்றும் யாம் திரும்பும் நேரத்தை அறிந்து, கொட்டிலினின்று தலையை நீட்டி நிற்கும்.

ஓராண்டு மழைக்காலம் கழிந்தபின் தந்தையார் வண்டியைப் புதுப்பித்தார். பழைய அச்சு தேய்ந்திருந்தமையால் வேறோர் இரும்பு அச்சைக் கொணர்ந்து பொருத்தினர். ஆசாரியார் உடல்நலம் குன்றியிருந்ததால், அச்சை ஏர்க்காலோடு சேர்க்கும் வேலையை வீட்டாட்களே செய்துவிட்டனர். அன்று தொட்டு வண்டி ஓட்டத்தில் ஒரு வேறுபாடு தோன்றிற்று. மயிலை எப்பொழுதும் செவலைக்கு அரையடி பின்தங்கியே ஓடும். சாலையின் நடுவை விட்டு ஓரத்திற்கு ஒதுங்கும். சிறிது தொலைவிலேயே நுரை தள்ளும். அதன் கழுத்தில் நுகத்தடி படும் இடத்தில் ஒருபுறம் மட்டும் தோல் உரிந்து புண்ணாயிற்று. இரண்டு பந்தயங்களில் எம் வண்டி கடைசியாக வந்தது. "மயிலைக்கு வயிறு பெருத்துவிட்டது, ஓட மனமில்லை" என்றனர் கண்டோர். துணைச்சாரதியின் தார்க்குச்சி அதன் புறத்தில் மட்டும் ஓயாது விழுந்தது. யாமும், குழந்தைப் பேதைமையால், அதனைக் கடிந்து பேசினோம். மூன்றாம் பந்தயம் முடிந்த கிழமை தந்தையார் அதனைத் தரகரிடம் விற்றுவிட்டார். அதுகாறும் வண்டிப் பாரம் அறியாதது போல் துள்ளி நடந்த அக்காளை, அன்று தலை தாழ்த்தித் தரகர் பின்னே சென்ற கோலம் இன்றும் எம் கண்முன் நிற்கின்றது.

புதிய காளையொன்று வந்தது. அது மயிலையினும் இளையது, விலையும் மிகுந்தது. முதல் ஓட்டத்திலேயே அது செவலைக்கு அரையடி பின்தங்கிற்று. ஒரு மாதத்திற்குள் அதன் கழுத்திலும் அதே இடத்தில் புண் தோன்றிற்று. தந்தையார் அப்புண்ணைத் தடவியவாறு நெடுநேரம் பேசாதிருந்தார். பின் எம்மை நோக்கி, "தம்பி, ஆசாரியாரைக் கையோடு கூட்டி வா" என்றார்.

ஆசாரியார் முதியவர், நோயினின்றும் அண்மையில் எழுந்தவர். அவர் மாட்டை ஏறெடுத்தும் பார்த்திலர். வண்டியை மாடின்றி நிறுத்தச் செய்து, ஏர்க்காலின் நுனியில் ஓர் ஆணி அடித்து, அதில் நூலைக் கட்டி, அச்சின் இடமுனை வரை இழுத்து முடிச்சிட்டார். அந்நூலையே வலமுனைக்குக் கொண்டுசென்றார். முடிச்சு வலமுனையை எட்டாது ஒரு விரற்கடை இப்பாலே நின்றது. அவர் தந்தையாரைப் பார்த்து, "ஐயா, மாடு நேராத்தான் இருக்கு. அச்சுதான் சாஞ்சிருக்கு" என்று கூறிவிட்டு, வாய்ச்சியை எடுத்தார்.

பின்னர் இக்கல்லூரியில் பௌதிக சாஸ்திரம் பயின்றபொழுதே ஆசாரியார் செய்ததன் பொருள் எமக்கு முற்றும் விளங்கிற்று. ஏர்க்காலின் நுனியும் அச்சின் இரு முனைகளும் சேர்ந்து ஒரு முக்கோணம். இரு பக்கங்களும் ஒத்திருந்தாலன்றி அச்சு ஏர்க்காலுக்குச் செங்குத்தாய் நில்லாது. சக்கரங்கள் அச்சு காட்டும் திசையிலேதான் உருளும். அச்சு சாய்ந்திருப்பின், வண்டி செல்லும் திசையினின்றும் ஏர்க்கால் விலகி நிற்கும். அச்சில் ஒரு விரற்கடையாயிருந்த பிழை, ஒன்பது அடி நீண்ட ஏர்க்காலின் நுனியில் இரண்டு விரற்கடையாகப் பெருகும். நுகத்தடியோ ஏர்க்காலோடு செங்குத்தாகப் பிணைந்தது. எனவே அதுவும் சாயும். சாய்ந்த நுகத்தின் பின்முனையிற் பூட்டப்பட்ட காளை எவ்வளவு விரைந்தாலும் பின்தங்கியதாகவே தோன்றும்; நுகத்தைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிக் கழுத்துப் புண்ணாகும். மயிலை சோம்பியதன்று. கோணலான வண்டியை நேராக ஓட்ட அது தன் கழுத்தையே விலையாகக் கொடுத்தது. அதற்குக் கைம்மாறாக யாம் அளித்தது தார்க்குச்சியும் சந்தையுமேயாம்.

ஆசாரியார் அச்சைத் தட்டி நேராக்கியபின் இருபுறமும் நூல் ஒத்தது. அன்றிரவே தந்தையார் தரகரைத் தேடிப் புறப்பட்டார். அவர் வழியே மற்றொரு சந்தைக்கும், அங்கிருந்து வேறோர் ஊருக்கும் சென்றார். நான்காம் நாள் வெறுங்கையோடு திரும்பினார். எங்குச் சென்றது என்று யாரும் அவரை வினவவில்லை, அவரும் சொல்லவில்லை. வண்டியும் செவலையும் மேலும் சில பந்தயங்களில் ஓடின. ஒருமுறை கொடிப்பரிசும் பெற்றன. ஆயின் தந்தையார் முகத்தில் பழைய களிப்பை யாம் பின்னர்க் கண்டிலோம். ஆசாரியார் கட்டிய அந்நூலை மட்டும் வீட்டு மாடத்தில் ஓர் உருண்டையாகச் சுற்றி வைத்திருந்தார்.

நிற்க. ஆண்டுகள் பல சென்றன. எம் தமையனார் மகன் கோயம்புத்தூரில் பொறியியற் கல்லூரி ஒன்றிற் சேர்ந்தான். தமிழ்நாட்டில் மோட்டார்ப் பந்தயத்திற்குப் பழைய வரலாறு உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் கார்கள் பந்தயம் ஓடின. சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் 1953-இல் தோன்றிற்று. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான ஓடுபாதை அமைந்தது. கோவையிலோ, 1995-இல் விமான விபத்தில் மறைந்த கரிவர்தன் என்பார் சிறு செலவில் ஒற்றையிருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி இளைஞர் பலர்க்கு வழி திறந்தார். அவர் பெயரால் செட்டிபாளையத்தில் 2003-இல் ஓடுபாதை ஒன்று எழுந்தது. அந்நகரத்தவராகிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். இத்தகைய நகரில் பயிலும் மாணவர் பட்டறையை விட்டு அகலாதிருத்தல் வியப்பன்று. எம் மகனும் அவன் தோழர் பதின்மரும் சேர்ந்து, மாணவர்க்கான உள்ளூர்ப் பந்தயம் ஒன்றிற்காகக் கோ-கார்ட் எனப்படும் சிறு காரைக் கட்டினர்.

1956-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பார் புல்வெட்டும் யந்திரத்தின் எஞ்சினைக் கொண்டு முதலில் அமைத்த இவ்வண்டி, காணச் சிறிது, கருத்துப் பெரிது. இதற்கு வில்லும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. இரும்புக் குழாய்ச் சட்டமே வளைந்து நெளிந்து அத்தொழிலைச் செய்யும். பின்புறத்தில் இரு சக்கரங்களும் ஒரே உருக்குத் தண்டில் இறுகப் பிணைந்துள்ளன. நம் மாட்டுவண்டியிற் போல ஒன்று விரைந்தும் மற்றொன்று தாழ்ந்தும் சுழல இயலாது. அத்தண்டைச் சட்டத்தோடு பிடித்திருப்பன பேரிங் தாங்கிகள். முன் சக்கர மையத்திற்கும் பின் அச்சிற்கும் இடையிலுள்ள நீளத்தைப் பட்டறையில் வீல்பேஸ் என்பர். யாம் அச்சிடைத் தூரம் என்போம்.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் யாம் கோவை சென்றிருந்த சமயம், பந்தயத்திற்கு நான்கு நாட்களே இருந்தன. பட்டறையில் யாவரும் முகம் வாடியிருந்தனர். "என்னப்பா செய்தி?" என்று வினவினோம். "சித்தப்பா, ஓட்டுகிறவனை மாற்றப் போகிறோம். நேர்பாதையில் கூட அவனுக்குக் கை நிற்கவில்லை. இடத் திருப்பத்தில் வண்டியின் பின்புறத்தை வழுக்க விடுகிறான், வலத் திருப்பத்தில் வண்டியைத் திருப்பவே மாட்டேன் என்கிறான்" என்றான் மகன். ஓட்டுநனாகிய இளைஞன் சுவரோரமாக அமர்ந்து கையுறையை மடித்துக்கொண்டிருந்தான். அவனை அருகழைத்து உசாவினோம். "வண்டி இடப்புறமே இழுக்கிறது ஐயா. வளையத்தை வலப்புறம் பிடித்துக்கொண்டால்தான் நேராகப் போகிறது. முதல் நாளே சொன்னேன்" என்று தாழ்ந்த குரலிற் கூறினான். அவனுடைய வலத் தோளும் மணிக்கட்டும் வீங்கியிருந்தன. எமக்கு மயிலையின் கழுத்து நினைவு வந்தது. அக்காளைக்கு வாய் இல்லை. இவனுக்கு வாய் இருந்தும் கேட்பாரில்லை.

"பின் அச்சு நேராக உள்ளதா?" என்று வினவினோம். "உள்ளது சித்தப்பா, வரைபடத்தில் 1050 மி.மீ.; அளந்தே இறுக்கினோம்" என்றான். "எந்தப் பக்கம் அளந்தீர்கள்?" என்றோம். சிறிது நேரம் ஒருவரும் விடை கூறவில்லை. இடப்பக்கம் ஒன்றையே அளந்திருந்தனர். வலப்பக்கமும் அவ்வாறே இருக்குமென்று கொண்டுவிட்டனர். ஒரே தண்டிற் பிணைந்த இரு சக்கரங்களும் ஒன்றற்கொன்று இணையாக நிற்றலைக் கண்டு மயங்கியிருந்தனர். சாய்ந்த அச்சிலும் சக்கரங்கள் இணையாகத்தான் நிற்கும். இரண்டும் சேர்ந்தே தவறான திசையை நோக்கும் என்பதே வேறுபாடு.

தேநீர்க் கடையிலிருந்து பொட்டலம் கட்டும் நூலை வாங்கிவரச் செய்தோம். பிள்ளைகள் தரையைத் துடைத்து, காரைச் சமநிலையில் நிறுத்தி, முன் சக்கரங்களை நேராக வைத்தனர். தூக்குக்குண்டு கட்டி, முன் சக்கர மையங்கள் இரண்டினின்றும் பின் அச்சின் முனைகள் இரண்டினின்றும் தரையில் நான்கு சுண்ணக்கட்டிப் புள்ளிகள் இட்டனர். சட்டத்தின் நடுக்கோட்டுக்கு முன்புள்ளிகள் செங்குத்தாய் உள்ளமையை முதலில் உறுதி செய்துகொண்டு, பின் நூலை இழுத்தோம். இடப்பக்கம் 1050, வலப்பக்கம் 1056. குறுக்காக இரு மூலைவிட்டங்களையும் அளந்தபொழுதும் நான்கு மி.மீ.க்குச் சற்று மிகுந்த வேறுபாடு தோன்றி அதனை உறுதிப்படுத்திற்று. வலப்புறத் தாங்கியைச் சட்டத்தோடு வெல்டிங் செய்தபொழுது, ஆறிய இரும்பு சுருங்கி, தாங்கியை 3 மி.மீ. பின்னுக்கு இழுத்திருந்தது. தாங்கிகளுக்கு இடையே 600 மி.மீ.; சக்கரங்களுக்கு இடையே 1200 மி.மீ. ஆதலின் 3 என்பது 6 ஆயிற்று.

ஆறு மி.மீ. என்பது ஒரு பென்சிலின் பருமனுக்கும் குறைவு. எனினும் 1200-க்கு 6 என்பது 200-க்கு 1. அதாவது, நூறு மீட்டர் ஓட்டத்தில் பின் சக்கரங்கள் நோக்கும் கோடு காரின் நடுக்கோட்டினின்றும் அரை மீட்டர் விலகும். இடப்பக்கம் குறுகியமையால் பின் சக்கரங்கள் வலப்புறம் நோக்கின. பின்புறம் வலப்புறம் தள்ளப்படவே முகம் இடப்புறம் திரும்பிற்று. இளைஞன் வளையத்தை வலப்புறம் பிடித்திருந்தமையின் காரணம் இதுவே. இடத் திருப்பத்தில் அச்சும் சேர்ந்து திருப்பியதனாற் பின்புறம் வழுக்கிற்று. வலத் திருப்பத்தில் அச்சு எதிர்த்தமையால் முகம் திரும்ப மறுத்தது. அவன்மேற் சாட்டிய குற்றங்கள் மூன்றும் ஒரே அச்சிற் பிறந்தவை. சங்கிலியை எடுத்துப் பார்த்தோம். அதன் பக்கத் தகடுகள் ஒருபுறம் மட்டும் தேய்ந்து பளபளத்தன. அச்சோடு பற்சக்கரமும் சாய்ந்திருந்ததற்கு அது சாட்சி. கண்டோர் கருதாமையால் அச்சாட்சி அதுகாறும் வாளாவிருந்தது.

வலப்புறத் தாங்கியின் மரைகளைத் தளர்த்தி, துளைகளை அரத்தால் நீளமாக்கி, மரக்கட்டையை அணைவைத்துத் தட்டி 3 மி.மீ. முன்னே நகர்த்தினர். ஒருமுறை தட்டுவதும் ஒருமுறை நூலிட்டுப் பார்ப்பதுமாக நள்ளிரவு ஆயிற்று. தண்டு தடையின்றிச் சுழல்கின்றதா, பற்சக்கரங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்தபின்னரே மரைகளை இறுக்கினர். இறுக்கியபின் மீண்டும் அளந்தனர். இறுக்கும்பொழுது தாங்கி சிறிது நகர்தல் உண்டு என்பதை இரண்டாம் முறை அளந்தவரே அறிவர். முடிவில் இருபுறமும் 1051.5 ஆயின. "வரைபடத்தில் 1050 அல்லவா?" என்று ஒரு மாணவன் கலங்கினான். ஒன்றரை மி.மீ. நீளம் ஓட்டத்தைக் கெடாது; இருபுறமும் ஒவ்வாமையே கெடுக்கும் என்று விளக்கினோம்.

மறுநாள் அவ்விளைஞன் காரில் ஏறி மூன்று சுற்றுக்கள் ஓட்டினான். மூன்றாம் சுற்றின் நேர்பாதையில் இரு கைகளையும் வளையத்தினின்றும் ஒரு கணம் எடுத்துவிட்டு, மீண்டும் பிடித்தான். கார் கோடு போட்டாற்போற் சென்றது. அவன் இறங்கியபொழுது எம் மகன் அருகே சென்று, "என்னை மன்னித்துக்கொள்ளடா" என்றான். அதனைக் கேட்ட எமக்கு, நான்கு நாள் அலைந்து வெறுங்கையோடு வந்த எம் தந்தையார் நினைவுக்கு வந்தார். அவர் மன்னிப்பு வேண்டியிருப்பின், அதனைக் கேட்கும் செவி அவருக்கு எதிரே இல்லாது போயிற்று. பந்தயத்தில் அவர்கள் ஏழாவதாக வந்தனர். பரிசு இல்லை, எனினும் அதே ஓட்டுநன் ஓட்டினான்.

ஈண்டு ஒன்று கூறாது விடுதல் தகாது. கோணலான அச்சு எவ்விடத்தும் குற்றம் என்று அன்பர்கள் கொள்ளற்க. அமெரிக்க நாட்டின் நீள்வட்டப் பந்தயப் பாதைகளில் கார்கள் இடப்புறமே திரும்பி ஓடுவன. அங்குள்ள தொழிலாளர் சிலர் வேண்டுமென்றே இடப்பக்கத்து அச்சிடைத் தூரத்தைச் சிறிது குறைத்து, கார் தானே இடப்புறம் திரும்ப விழையுமாறு செய்வர். அது அறிந்து வைத்த கோணல், அளவறிந்தது, வேண்டாதபொழுது நீக்கற்பாலது. அறியாது நேர்ந்து, அளக்கப்படாது கிடந்து, பிறர் தோளில் ஏற்றப்படும் கோணலே தீங்கு பயப்பது.

தமிழில் நூல் என்னும் ஒரு சொல்லே தச்சன் பிடிக்கும் இழையையும் புலவன் இயற்றும் பனுவலையும் குறிப்பது எண்ணி மகிழத்தக்கது. மரத்தின் கோணலை நீக்கும் நூல் போல மனத்தின் கோணலை நீக்குவது நூல் என்று பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் பொருத்திக் காட்டியதை நாம் வகுப்பிற் பயின்றிருக்கின்றோம். யாம் அதனை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றோம். ஆசாரியாரோ அதனைப் படியாமலே செய்து காட்டினார். கல்லூரியில் ஒரு மாணவன் பின்தங்குகின்றான் எனின், வீட்டில் ஒருவர் ஓயாது சோர்கின்றார் எனின், தார்க்குச்சியை எடுக்குமுன் நூலை எடுத்தல் நலம். ஒரு பக்கத்தை மட்டும் அளந்து மறுபக்கமும் அதுவே என்று கொள்ளாது, இருபக்கமும் அளத்தல் நலம்.

தந்தையார் மறைந்தபின் வீட்டைப் புதுக்கியபொழுது மாடத்திலிருந்த நூலுருண்டையை எடுத்தோம். பழுப்பேறி நொய்ந்திருந்தது, ஆசாரியார் இட்ட முடிச்சு மட்டும் அவிழாதிருந்தது. அது இன்று எம் மேசைமேல் இருக்கின்றது.